படத்தில் தெரிவதும் தெரியாததும்: எம்.எஸ். நோயும் எங்கள் வகுப்புத் தோழியும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் மூவர் இணைந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் மூவரும் 1970 ஆம் ஆண்டு பிறந்தவர்கள், ஒரே வகுப்பு. ஒருத்தி இலண்டனில் ஸ்கான் எடுக்கும் பகுதியில் ரேடியோகிராபர். ஒருத்தி ரொறன்ரோவில் தாதி. மற்றவள் யாழ்ப்பாணத்திலேயே இருந்து ஆசிரியையாக இளைப்பாறியவள். இந்த உரையை மூவரும் சேர்ந்து எழுதினோம். ஆகவே யார் ஒலிவாங்கியைப் பிடித்தாலும் "நாங்கள்" என்றுதான் பேசுவோம். எங்களில் எவரும் நரம்பியல் நிபுணர் அல்லர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

விழாக்குழு அக்கா எங்களிடம் கேட்டது நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ ஒரு பேச்சு. அவற்றைப் பற்றி இந்த மண்டபத்தில் பலர் பேசிவிட்டார்கள். நாங்கள் மல்ரிப்பிள் ஸ்க்லிறோசிஸ் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "அது வெள்ளைக்காரரின்ரை வருத்தம் எல்லோ, எங்கடை பிள்ளையளுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லமாட்டோம். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். இந்த உரையை அவள் வாசித்து இரண்டு இடங்களில் திருத்தியும் இருக்கிறாள்.

எட்டாம் வகுப்புவரை எங்களோடு படித்தாள். மனக்கணக்கில் அவளை வெல்ல ஆளில்லை. ஐந்து சதக் கணக்குக்கும் விரல் மடிப்பவர்கள் நாங்கள். அவள் ரீச்சர் கேள்வியை முடிக்க முன்னமே விடையோடு எழும்பி நிற்பாள். 1984 இல் குடும்பத்தோடு நோர்வேக்குப் போனாள். அங்கேயே படித்து, ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். 29 வயதில் ஒரு காலை இடது கண் புகை படிந்த கண்ணாடி போல மங்கியது. சில கிழமைகளில் சரியாகிவிட்டது. அடுத்த வருடம் இரண்டு காலும் விறைத்தன. எம்.ஆர்.ஐ. எடுத்து, முள்ளந்தண்டு நீரும் எடுத்துப் பார்த்து, எம்.எஸ். என்று சொன்னார்கள். ஊசி மருந்து தொடங்கினாள். வேலைக்குப் போனாள், பிள்ளைகளைப் பெற்றாள், நன்றாகவே நடந்தாள்.

பத்து வருடம் கழித்துத்தான் நாங்கள் தவறு செய்த காலம் வருகிறது. எங்கள் வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினோம். எல்லோரும் விடிய விடியக் கதைப்போம். அவள் மட்டும் பதில் போடமாட்டாள். போட்டாலும் நாங்கள் நாலு கதை தாண்டிய பிறகு பழைய கதைக்குப் பதில் வரும். ரெலிபோனில் பேசினால் நடுவில் மௌனம். எங்களில் ஒருத்தியின் மகளின் கலியாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லி, திகதியை மாறி நினைத்து வராமலே விட்டாள். "பெரிய ஆளாயிட்டா" என்றோம். "கணக்கு மூளை, எங்களோடை கதைக்க நேரமிராது" என்றோம். பகிடியாகத் தொடங்கியது, பிறகு பகிடியாக இல்லை. கடைசியில் குழுவிலிருந்து அவளாகவே விலகினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இதைச் சொல்லத்தான் மூவரும் ஒரே மேடையில் நிற்கிறோம்.

அந்தக் காலத்தில் அவளுடைய அலுவலகத்தில் பிழைகள் வரத் தொடங்கியிருந்தன. அவள் பார்த்த ஒரு வைத்தியர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். வீட்டில் கவனக்குறைவு என்றார்கள். அவளே தனக்கு விசர் பிடிக்கிறதோ என்று பயந்தாள். ஒவ்வொரு வருடமும் ஸ்கான் எடுப்பார்கள். அறிக்கையில் ஒரே வசனம்: புதிய தழும்புகள் இல்லை, முன்னைய நிலையிலிருந்து மாற்றமில்லை. ஒருநாள் இலண்டனில் இருப்பவளுக்கு அந்தப் படங்களை அனுப்பி ஒரு குறுஞ்செய்தி போட்டாள். "படத்திலை ஒண்டும் இல்லையெண்டு சொல்லுகினம். அப்ப நான் ஏன் இப்பிடி ஆனனான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது, மின்கம்பியின் மேலுள்ள உறை போல. எம்.எஸ். நோயில் உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் அந்த உறையைத் தாக்குகின்றன. மூளையிலும் முள்ளந்தண்டு நரம்பிலும் ஆங்காங்கே தழும்புகள் விழுகின்றன. பெயரின் பொருளே "பல இடங்களில் இறுகிய தழும்பு" என்பதுதான். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். 2020 இல் வெளியான சர்வதேசக் கணக்கெடுப்பு, உலகில் 28 இலட்சம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னது. தொற்றாது. பரம்பரைச் சாபமும் இல்லை. உறவினருக்கு இருந்தால் ஆபத்து சற்றுக் கூடும், அவ்வளவே.

இனி விழாக்குழு அக்காவின் கேள்வி. பூமத்திய ரேகைக்குக் கிட்டிய நாடுகளில் இந்த நோய் அரிது, வடக்கே போகப்போகக் கூடும் என்பது பழைய அவதானிப்பு. இலங்கை அரிதான நாடுகளில் ஒன்று. நோர்வேயிலோ ஒரு இலட்சம் பேருக்கு 200க்கு மேல். ஜெப்ரி டீன் என்ற வைத்தியர் தென்னாபிரிக்காவில் குடியேறியவர்களை ஆராய்ந்து, 15 வயதுக்கு முன் இடம்பெயர்ந்தால் புதிய நாட்டின் ஆபத்து ஒட்டிக்கொள்கிறது, வளர்ந்தபின் போனால் பிறந்த நாட்டின் ஆபத்தே பெரும்பாலும் தொடர்கிறது என்று கண்டார். பிறகு இங்கிலாந்தில் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்களைப் பார்த்தார். வந்தவர்களிடம் நோய் மிகக் குறைவு. ஆனால் 1990 இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, அவர்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் நோய் வெகுவாகக் கூடியிருப்பதைக் காட்டியது. நோர்வேயில் பாகிஸ்தானியக் குடும்பங்களைப் பார்த்தவர்களும் இரண்டாம் தலைமுறையில் இதே போக்கைக் கண்டார்கள்.

நோர்வேக்கும் எங்கள் கரைக்கும் உள்ள தொடர்பை இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை. அந்தோனி இராசேந்திரம் 1956 இல் அங்கே போய், பிறகு காரைநகரில் சீநோர் உருவாகி, குருநகரில் வலைத் தொழிற்சாலை வந்த கதையை இங்குள்ள அம்மாமார் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள். அந்த வழியாலும் பிறகு போர் துரத்திய வழியாலும் எங்கள் பிள்ளைகள் வடக்கே போனார்கள். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் பிறந்து வளரும் எங்கள் பேத்திகளுக்கு இது இனி வெள்ளைக்காரரின் வருத்தம் இல்லை. தோழி 14 வயதில் போனவள். ஒருவருக்கு ஏன் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வெயில் குறைவு, விற்றமின் டி, புகைத்தல், எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன. எப்ஸ்ரீன்-பார் என்ற வைரசின் பங்கு 2022 இல் உறுதியாயிற்று: அமெரிக்கப் படையினர் ஒரு கோடி பேரின் இரத்த மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வில், அந்த வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்கு கூடியது. ஆனால் அந்த வைரஸ் உலகில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றுவது. நோய் வருவதோ மிகச் சிலருக்கு.

இங்கே இலங்கையில் உள்ளவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. கண் மங்கி, கால் விறைத்தால் எல்லாம் எம்.எஸ். ஆகாது. எங்கள் பக்கத்து நாடுகளில் முன்பு எம்.எஸ். என்று எழுதப்பட்ட சில, உண்மையில் நியூரோமயலைற்றிஸ் ஒப்டிகா என்ற வேறு நோய். 2004 இல் அதற்கான இரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்கப்பட்டது. எம்.எஸ். மருந்துகள் சில அந்த நோயைக் கூட்டிவிடும். ஆகவே மருந்து தொடங்க முன் அந்தப் பரிசோதனையும் செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

இப்போது மூளையின் நினைவுக்கும் வேகத்துக்கும் வருவோம். 1868 இல் பாரிஸ் சல்பெத்ரியேர் வைத்தியசாலையில் ஷார்க்கோ என்ற பேராசிரியர் இந்த நோயைத் தெளிவாக விவரித்தபோதே, நோயாளரின் ஞாபகம் பலவீனப்படுகிறது, எண்ணங்கள் மெதுவாக உருவாகின்றன என்று குறித்து வைத்தார். பிறகு வந்தவர்கள் நூறு வருடமாக அதை மறந்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். கால் நடக்கிறதா, கண் தெரிகிறதா, சலம் போகிறதா என்று பார்த்தார்கள். இன்றும் நோயின் கடுமையை அளக்கும் பிரதான அளவுகோல் பெரும்பாலும் நடக்கும் தூரத்தையே அளக்கிறது. எங்கள் தோழி நன்றாக நடந்தாள். ஆகவே நன்றாக இருக்கிறாள் என்று எழுதினார்கள்.

1991 இல் அமெரிக்காவில் ஸ்ரீபன் ராவோ என்பவரின் குழு, வைத்தியசாலைக்கு வெளியே சாதாரணமாக வாழும் 100 எம்.எஸ். நோயாளரையும் நோயற்ற 100 பேரையும் ஒப்பிட்டது. நோயாளரில் 43 வீதமானோருக்கு அறிவுத்திறன் குறைவு இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் 40 முதல் 65 வீதம் என்கின்றன. பாதிக்கப்படுவது முதலில் வேகம்: கேட்டதை உள்வாங்கிப் பதில் தயாரிக்கும் வேகம். அடுத்தது புதிதாக ஒன்றைக் கற்று நினைவில் இருத்துவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பது. மொழி பெரும்பாலும் கெடுவதில்லை. ஆகவேதான் வெளியில் தெரிவதில்லை. நன்றாகக் கதைக்கிற ஒருத்தி மூன்று பேர் சேர்ந்து கதைக்கும்போது தொலைந்து போகிறாள். அவள் வட்ஸ்அப் குழுவில் பட்ட பாடு இதுதான்.

அப்படியானால் படம் ஏன் காட்டவில்லை?

எம்.ஆர்.ஐ. வந்தபோது எல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் நம்பினார்கள். 1981 இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் முதன்முதலாக எம்.எஸ். நோயாளரைப் படம் பிடித்தார்கள். 10 பேரில் சி.ரி. ஸ்கான் காட்டிய தழும்புகள் 19. புதிய இயந்திரம் அதற்கு மேலாக நூற்றுக்கு மேற்பட்ட தழும்புகளைக் காட்டியது. பெரிய வெற்றி. ஆனால் வருடங்கள் போக ஒரு சிக்கல் தெரிந்தது. மூளை நிறைய வெள்ளைப் புள்ளிகளோடு ஒருத்தி பல்கலைக்கழகத்தில் விரிவுரை எடுப்பாள். நாலு புள்ளிகளோடு மற்றவளால் கடைக் கணக்குப் பார்க்க ஏலாது. தழும்புகளை எண்ணுவதும் அவற்றின் பரப்பை அளப்பதும் ஆளின் நிலையோடு பாதிதான் பொருந்துகின்றன. இந்த முரணுக்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள்.

காரணங்களை எங்கள் ஊர் வலையை வைத்து யோசித்தோம். வலையில் எத்தனை கண் அறுந்தது என்பதைவிட எங்கே அறுந்தது என்பது முக்கியம். ஓரத்தில் பத்துக் கண் போனாலும் மீன் பிடிபடும். தலைக்கயிறு கட்டிய இடத்தில் இரண்டு போனால் வலையே சாயும். (தோழி திருத்திய இடங்களில் இது ஒன்று. "நடுவலை" என்று எழுதியிருந்தோம். "அப்பாவின்ரை வலையை நான் பொத்தினனான், நீங்கள் இல்லை" என்று தலைக்கயிறு என்று மாற்றினாள். அது மறக்கவில்லை அவளுக்கு.)

மூளையில் அப்படியான இடம் தலமஸ். நடு மூளைக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முட்டை போல இருக்கும். மூளையின் மேற்பட்டைக்குப் போகும் செய்திகளில் பெரும்பகுதி அதன் வழியாகத்தான் போகிறது. எம்.எஸ். நோயில் தலமஸ் ஆரம்பத்திலேயே சுருங்கத் தொடங்குகிறது. அது எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது, புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, சிந்தனை வேகத்தோடு மிகவும் ஒத்துப்போகிறது என்று 2007 அளவில் அமெரிக்காவின் பபலோ நகரிலும் பிற இடங்களிலும் காட்டினார்கள். இரண்டு தலமசுக்கும் நடுவில் உள்ளது மூன்றாவது மூளையறை, ஒரு ஒடுங்கிய நீர்ப்பிளவு. தலமஸ் சுருங்க அந்தப் பிளவு அகலும். ராவோ குழுவினர் 1985 இலேயே சாதாரண சி.ரி. படத்தில் அதன் அகலத்தை அளந்து, அகலம் கூடியவர்களின் அறிவுத்திறன் குறைவாக இருப்பதைக் கண்டிருந்தார்கள். ஒரு அடிமட்டத்தால் அளக்கக்கூடிய விடயம். ஸ்கான் பகுதியில் வேலை செய்பவள் என்ற முறையில் எங்களில் ஒருத்திக்கு இது மிகவும் பிடித்தது: ஆடம்பரமான மென்பொருள் வராத காலத்தில், ஒரு பிளவின் அகலம் இவ்வளவு சொல்லியிருக்கிறது.

இரண்டாவது, முழு மூளையின் கன அளவு. எல்லோருக்கும் வயதோடு மூளை குறைகிறது. நோயற்ற நடுத்தர வயதினருக்கு வருடத்துக்கு 0.1 முதல் 0.3 வீதம் வரை. சிகிச்சையற்ற எம்.எஸ். நோயில் 0.5 முதல் 1.3 வீதம் வரை போகிறது. அரை வீதம் என்பது ஏறத்தாழ ஏழு கிராம். கேட்கச் சிறிது, பத்து வருடத்துக்குக் கணக்குப் பாருங்கள். நினைவுக்கு அவசியமான ஹிப்போகம்பஸ் என்ற பகுதியும் மேற்பட்டையும் இதில் சேரும்.

மூன்றாவது, படத்தில் தெரியாத தழும்புகள். மூளையின் வெளிப்பட்டை சாம்பல் நிறமானது, மயலின் குறைவு. அங்கே விழும் தழும்பு வழமையான எம்.ஆர்.ஐ. படத்தில் பெரும்பாலும் தெரிவதே இல்லை. இறந்தவர்களின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோதுதான் அது நிறைய இருப்பது தெரிந்தது. 2005 இல் அம்ஸ்ரர்டாமில், மூளை நீரின் ஒளியையும் வெண்பகுதியின் ஒளியையும் சேர்த்து அடக்கிவிட்டுப் படமெடுக்கும் ஒரு முறையைப் பயன்படுத்தி முன்பைவிடப் பல மடங்கு காட்டினார்கள். அப்படியும் பெரும்பகுதி தப்பிவிடுகிறது. ஆகவே "புதிய தழும்புகள் இல்லை" என்ற வசனத்தின் முழுப்பொருள், "இந்த முறையில் எடுத்த படத்தில் தெரியக்கூடிய புதிய தழும்புகள் இல்லை" என்பதே. அறிக்கை எழுதியவர் பொய் சொல்லவில்லை. வாசித்த நாங்கள் கூடுதலாக வாசித்துவிட்டோம்.

நாலாவது, நீறு பூத்த நெருப்பு. சில பழைய தழும்புகள் ஆறுவதில்லை. அவற்றின் விளிம்பில் இரும்புச்சத்தை விழுங்கிய கலங்கள் தங்கி, மெல்ல மெல்ல அரித்துக்கொண்டேயிருக்கின்றன. அந்த இரும்பைக் காட்டும் விசேட எம்.ஆர்.ஐ. படத்தில் அது கறுத்த வளையமாகத் தெரியும். 2019 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வெளியிட்ட ஆய்வில், இப்படியான வளையங்கள் நாலோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு நடையும் அறிவுத்திறனும் இளம் வயதிலேயே குறைந்திருந்தன. புதிதாக எதுவும் விழாமலே ஆள் மாறிப்போவதற்கு இது ஒரு விளக்கம்.

தோழியின் பழைய படங்களையும் புதிய படங்களையும் இலண்டனில் உள்ளவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டால் மாற்றமில்லைதான். முதற் படத்தையும் கடைசிப் படத்தையும் ஒப்பிட்டால், அந்த நடுப்பிளவு அகன்றிருந்தது. பிள்ளை வளர்வது வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது, பத்து வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வரும் மாமிக்குத் தெரியும் இல்லையா? ஆனால் அதைப் பார்த்துச் சொல்லும் தகுதி ரேடியோகிராபருக்கு இல்லை. "உன்ரை டொக்டரிட்டை பத்து வருசத்துப் படத்தையும் சேர்த்துப் பாக்கச் சொல்லிக் கேள்" என்று மட்டும் எழுதினாள். அந்த வசனத்தை எழுத இரண்டு நாள் எடுத்தது என்று எங்களிடம் பிறகு சொன்னாள்.

இதைக் கேட்ட உடனே, தனியார் நிலையங்களில் காசு கட்டி மூளையின் அளவு எடுக்க ஓடாதீர்கள். மேலே சொன்னவை எல்லாம் நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது தெரிந்த உண்மைகள். தனி ஒருவருக்கு அதே அளவு நம்பிக்கையோடு சொல்ல முடியாது. இயந்திரம் மாறினால் அளவு மாறும். தண்ணீர் குடிக்காமல் போனால் மூளையின் அளவே கொஞ்சம் குறைந்து தெரியும். சிகிச்சை தொடங்கிய முதல் வருடத்தில் வீக்கம் வற்றுவதாலும் மூளை சுருங்கியது போலத் தெரியும். அது நல்ல அறிகுறி. இந்த அளவுகளை வழமையான பராமரிப்பில் எப்படிச் சேர்ப்பது என்று நிபுணர்களே இன்னும் விவாதிக்கிறார்கள்.

இன்றைக்கு உபயோகமானது எது என்றால், ஒன்றரை நிமிடத் தாள் ஒன்று. ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். குறியைப் பார்த்து இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். 90 செக்கனில் எத்தனை சரி என்பதே புள்ளி. நாலு புள்ளி குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது பல ஆய்வாளரின் கருத்து. எம்.எஸ். உள்ள ஒவ்வொருவருக்கும், எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும்கூட, நோய் கண்டவுடன் ஒருமுறையும் பிறகு வருடா வருடமும் இதை அல்லது இது போன்றதைச் செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் 2018 இல் பரிந்துரை வெளியானது. தோழிக்குப் பதினொரு வருடமாக யாரும் செய்யவில்லை. ஆகவே எங்கிருந்து எவ்வளவு இறங்கினாள் என்று சொல்ல ஆளில்லை; எட்டாம் வகுப்பில் அவள் எப்படி எழும்பி நின்றாள் என்பதற்கு நாங்கள்தான் சாட்சி.

கடைசியில் அவள் கேட்டு, செய்வித்தாள். வயதுக்கும் படிப்புக்கும் எதிர்பார்த்ததைவிட வெகு கீழே. அன்று இரவு எங்களுக்கு எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தோம். "அப்பாடா, எனக்கு விசர் இல்லை" என்றாள். அந்த ஒரு தாளால் மனச்சோர்வு மாத்திரை மறுபரிசீலனைக்கு வந்தது, எம்.எஸ். மருந்து வலுவானதாக மாறியது, வேலை நேரம் பாதியானது. பாதிச் சம்பளம் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கடனுக்காக அவள் கணவர் இரவு வேலையும் எடுத்தார்.

போன வேகம் திரும்பவில்லை. இருப்பதை வைத்து வாழப் பயிற்சி இருக்கிறது. நினைவில் வைக்க வேண்டியதைப் படமாகக் கற்பனை செய்வது, ஒரு கதையாகக் கோர்ப்பது என்று பத்து அமர்வுகளில் கற்பிக்கும் ஒரு முறை 2013 இல் முறையான பரிசோதனையில் பயனளித்தது. இளைப்பாறிய ஆசிரியை எங்களில் இருப்பதால் சொல்கிறோம்: சரித்திர பாடத்தில் அரசர்களின் வரிசையை எங்களுக்குக் கதை கட்டிப் பாடமாக்குவித்த ரீச்சர் இதைக் கேட்டால் சிரிப்பார்.

இந்தப் பாடசாலையின் நூற்றாண்டில் சொல்லத்தக்க ஒன்றும் அதே துறையிலிருந்துதான் வருகிறது. நியூ ஜேர்சியில் ஜேம்ஸ் சுமோவ்ஸ்கி என்ற ஆய்வாளர், ஒரே அளவு மூளை சுருங்கியவர்களில் சிலர் ஏன் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தார். சொல்வளம் கூடியவர்கள், கூடுதலாகப் படித்தவர்கள், இளமையில் வாசிப்பும் எழுத்தும் பொழுதுபோக்காகக் கொண்டிருந்தவர்கள் சுருக்கத்தை மேலும் தாங்கினார்கள். செயற்பாட்டைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படங்களிலும், அதே வேலைக்கு ஒருவரின் மூளை எவ்வளவு பாடுபடுகிறது என்பதில் வித்தியாசம் தெரிந்தது. கையிருப்பு என்று அதற்குப் பெயர். கையிருப்பு நோயைத் தடுக்காது, தீர்ந்தும் போகும். தோழி பதினொரு வருடம் ஒருவருக்கும் தெரியாமல் சமாளித்தது அந்தக் கையிருப்பில்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். நிரூபிக்க முடியாது. அதே கையிருப்புத்தான் அவளுடைய குறையை மறைத்து, நோயைக் கண்டுகொள்ளப் பிந்தவும் வைத்திருக்கும் என்றும் நினைக்கிறோம். கெட்டிக்காரிக்கு "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது எல்லோருக்கும் சுலபம்.

இந்த மண்டபத்தில் எம்.எஸ். உள்ள மகளோ மருமகளோ யாருக்காவது இருக்கலாம். கலியாணம் குழம்பும் என்று மறைத்து வைத்திருக்கலாம். மறைப்பதன் நியாயம் எங்களுக்கு விளங்குகிறது. பேசிக் கெட்டுப்போன சம்பந்தம் ஒன்றை நாங்களும் அறிவோம். யாருக்குச் சொல்வது என்பது அவரவர் முடிவு. வைத்தியரிடமாவது மறதியை மறைக்காமல் சொல்லுங்கள். நேரம் பத்து நிமிடம்தான் தருவார்கள், ஆகவே வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வேலை முன்பு எவ்வளவு நேரம் எடுத்தது, இப்போது எவ்வளவு. முடிந்தால் கூட இருப்பவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். நித்திரை, இரத்தச்சோகை, தைரொயிட், மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவையும் வேகத்தைக் குறைக்கும், அவற்றுக்கு மருந்து உண்டு. புகைப்பவர் இருந்தால் நிறுத்தட்டும், இந்த நோயில் அது மூளைச் சுருக்கத்தோடு தொடர்புடையது.

தோழி திருத்திய இரண்டாவது இடம் இனி வருகிறது. "அவள் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் மறக்கிறாள்" என்று எழுதியிருந்தோம். அதைக் கோடிழுத்து வெட்டிவிட்டு, ஓரத்தில் "நான் மறக்கேல்லை. பிந்தி வாறன். பொறுங்கோ" என்று எழுதி அனுப்பினாள். இப்போது எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஒரு நாளைக்கு ஒரு கதை, பதிலுக்கு அடுத்த நாள் வரை நேரம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பேர் விலகியும் போனார்கள். அவள் திரும்பச் சேர்ந்திருக்கிறாள். யூலை 25 இல் யாகப்பர் கோயில் திருநாளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். திகதியை இந்த முறை நாங்கள்தான் ஞாபகப்படுத்துவோம்.

தேநீர் இடைவேளையில் நாங்கள் மூவரும் பழைய எட்டாம் வகுப்பு அறையில் இருப்போம். அறிக்கைகள் இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். படம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லமாட்டோம். அந்தக் குறித்தாளைத் தரச்சொல்லி எவரும் கேட்க வேண்டாம். வீட்டில் பழகிவிட்டுப் போனால் புள்ளி பொய்யாகக் கூடும், பிறகு உண்மையான இறக்கம் தெரியாமல் போய்விடும்.